வளைவில் ஒரு நீள விசில்

– தம்பி, அந்தக் கருப்புப் பெயிண்ட் மேல கை வைக்காதீங்க! இன்னும் காயல. உங்க கைரேகை பதிஞ்சுதுன்னா விசாரணை அதிகாரி பூதக்கண்ணாடி கேப்பார்.

– காஞ்சிடுச்சுன்னு நெனச்சேன் அண்ணி.

– நெனைக்கறதுக்கெல்லாம் நேரம் இல்ல. மணி எட்டே கால். பதினோரு மணிக்கு இந்த இன்ஜின் அவர் மேஜை மேல நிக்கணும். அந்த ஹேர் டிரையரை எடுங்க. கிட்ட வேணாம், ஒரு முழம் தள்ளிப் புடிங்க. பிளாஸ்டிக் உருகினா நம்ம கதையும் சேர்ந்து உருகிடும்.

– மழை விடவே மாட்டேங்குது. காத்தே பிசுபிசுன்னு இருக்கு. இந்தப் பெயிண்ட் இன்னிக்குக் காயப் போறதில்ல. அப்படியே வெள்ளையா எடுத்துட்டுப் போனா என்ன?

– வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொன்னார். "வெள்ளையா கொண்டு வந்தா பொம்மைன்னு சிரிப்பாங்க. பார்த்த உடனே இது உங்க வீட்டுக்காரர் ஓட்டின நீராவி இன்ஜின்னு தோணணும்"ன்னார். நிஜ இன்ஜினைத்தான் சீல் வெச்சுப் பூட்டிட்டாங்களே. இல்லேன்னா அந்த அதிகாரியை அதுலயே ஏத்தி உக்கார வெச்சு, "எட்டிப் பாருங்க சார், எதாவது தெரியுதா"ன்னு கேட்டிருப்பேன்.

– அண்ணன் இதை வாங்கி எத்தனை வருஷம் இருக்கும்?

– ஆறு. பெட்டியைப் பிரிக்காம பீரோ மேலயே கெடந்துது. ரிடையர் ஆனப்புறம் சாவகாசமா உக்காந்து ஒட்டலாம்னு வாங்கினார். சாவகாசத்தைப் பாருங்க, நாலே நாள்ல முந்நூத்திப் பன்னெண்டு துண்டு. எண்பத்தேழாம் நம்பரை வெட்டி வெச்சீங்களா?

– இந்தாங்க. என்ன இது, ஊசி மாதிரி?

– கைப்பிடிக் கம்பி. நீங்க ஏறி இறங்கறப்ப தினம் புடிக்கறீங்களே, அதான். இப்படிக் குடுங்க. உங்களுது கரி அள்ளற கை, என்னுது பல் செட் கட்டற கை. பதினேழு வருஷமா அடுத்தவங்க வாய்க்கு அளவெடுத்துப் பல்லு செய்யறேன், இது எம்மாத்திரம். அந்த மெழுகுக் கத்தியைத் தள்ளுங்க.

– புகைபோக்கியை ஒட்டிட்டேன் அண்ணி.

– எங்க, காட்டுங்க. அட கடவுளே! முன்பக்கம் வரவேண்டிய விளிம்பு பின்னால இருக்கு. முந்தாநேத்து சக்கரக் கம்பியை உடைச்சீங்க. நேத்து படிக்கட்டைத் தலைகீழா ஒட்டினீங்க. எட்டு வருஷமா இதே இன்ஜின்ல ஃபயர்மேனா வெந்துட்டிருக்கறவர்தானே நீங்க? புகைபோக்கிக்கு மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியாதா?

– ராத்திரி பூரா தூங்கல அண்ணி.

– பல்லைக் கடிச்சுக்கோங்க. ரெண்டரை மணி நேரம்தான். சாயங்காலம் போலீசுக்கு ஃபைல் போகுது. அதுல "டிரைவரோட கவனக்குறைவு"ன்னு ரெண்டே ரெண்டு வார்த்தை இருந்தா போதும், உங்க அண்ணன் இன்னிக்கு வீட்டுக்கு வர மாட்டார். புரியுதா?

– புரியுது.

– அப்ப புகைபோக்கியைத் திருப்புங்க. மெதுவா. கழுத்தை நெரிக்காதீங்க.

– திருப்பிட்டேன்.

– சமத்து. இப்ப ஒரு ஒத்திகை பார்த்துடலாம். இந்த அட்டையில வளைவை வரைஞ்சிருக்கேன். இன்ஜினைத் தூக்கி இங்க வைங்க. அடிப்பக்கம் காஞ்சிருக்கு, அங்க புடிங்க. வளைவு எந்தப் பக்கம் திரும்புது?

– இடது பக்கம்.

– டிரைவர் சீட்டு?

– வலது பக்கம்.

– நூலோட இந்த நுனியை வலது ஜன்னல்ல வைங்க. அந்த நுனியை அதோ, தண்டவாளத்து நடுவுல நிக்கற தீக்குச்சியில. தீக்குச்சி யாரு?

– வேணாம் அண்ணி.

– அங்க கேப்பாங்க. அங்க வந்தும் வேணாம்னு நின்னா எப்படி? தீக்குச்சி யாரு?

– தண்டவாளத்தை இறுக்கற இரும்புச் சாவியை அடிச்சுட்டிருந்த பெரியவர். நம்ம வண்டியில செத்துப் போனவர்.

– சரி. நூலை இழுங்க. நேரா போகுதா?

– போகல. கொதிகலன்ல இடிக்குது.

– அவ்வளவுதான்! டிரைவர் வலது பக்கம் உக்காந்திருந்தா, இடது வளைவுல முன்னால நிக்கற ஆள் தெரியவே மாட்டார். குறுக்க இம்மாம் பெரிய கொதிகலன் படுத்துக் கெடக்கு. நீங்க குனிஞ்சு கரி போட்டுட்டிருந்தீங்க, அதனால இடது ஜன்னல்லயும் ஆள் இல்ல. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. வேலை நடக்கற இடத்துல கொடி காட்ட ஆள் நிறுத்தாதது மேல இருக்கறவங்க தப்பு. முடிஞ்சுது கேஸ். ஆமா, தீக்குச்சித் தலையில ஏன் மஞ்சள் பெயிண்ட்?

– நான்தான் அடிச்சேன். அவர் போட்டிருந்த மழைக்கோட்டு மஞ்சள்.

– அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க குனிஞ்சு கரி போட்டுட்டு இருந்தீங்க.

– அப்புறமா இறங்கிப் பார்த்தேன்ல?

– அதை அங்க சொல்லிட்டு நிக்காதீங்க. சுரண்டுங்க. மஞ்சளும் வேணாம் பச்சையும் வேணாம், அது வெறும் தீக்குச்சி.

– வெறும் தீக்குச்சியா அண்ணி?

– இன்னிக்கு ஒரு நாளைக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் உக்காந்து அழலாம். சுரண்டுங்க.

– …சுரண்டிட்டேன்.

– இன்னொண்ணு. வக்கீல் போன்ல ஒரு கேள்வி கேட்டார். கண்ணுக்கே தெரியாத ஆளுக்கு எதுக்கு விசில் அடிச்சீங்கன்னு அதிகாரி மடக்குவாராம். என்ன சொல்வீங்க?

– வளைவு வந்தா அடிக்கறது வழக்கம்.

– சபாஷ். இதையே சொல்லுங்க.

– வழக்கம்னா ரெண்டு குட்டி விசில். அன்னிக்கு அடிச்சது ஒரே நீளம். மூணாவது பெட்டியில, சுத்திப் பார்க்க வந்த ஒருத்தன் செல்போன்ல வீடியோ எடுத்திருக்கான். பதினோரு செகண்டு. விசில் நிக்கறப்பதான் வண்டி குலுங்குது.

– எத்தனை தடவை பார்த்தீங்க அதை?

– எண்ணல.

– அந்தப் போனை முதல்ல இங்க குடுங்க. குடுங்கன்னா! கழுதை, அது பாட்டுக்கு என் மேஜை டிராயர்ல கெடக்கட்டும். ஈரம் பட்டா விசில் சங்கிலி சிக்கிக்கும், நீளமா ஊதிடுச்சு. அப்படிச் சொல்லுங்க.

– அதிகாரி நம்புவாரா?

– நீங்க நம்பற மாதிரி சொன்னா நம்புவார். சரி, டிரைவர் அறைக்குள்ள வைக்கற ரெண்டு பொம்மையும் எங்க?

– உள்ள ஒட்டிட்டேன். நீங்க நம்பர் எழுதறப்பவே.

– கூரையைத் தூக்குங்க, பார்ப்போம். ம்… மீசை வரைஞ்சிருக்கறது யாரு?

– அண்ணன்.

– அவரை ஏன் இடது பக்கம் வெச்சீங்க?

– கூரையை மூடிடவா அண்ணி?

– தம்பி, டிரைவர் வலது, ஃபயர்மேன் இடது. அஞ்சு நிமிஷம் முன்னால உங்க வாயாலதான் சொன்னீங்க. மாத்துங்க. பசை இழுத்துக்கறதுக்குள்ள மாத்துங்க!

– கை தானா அங்க போச்சு. ஆனா தப்பா ஒட்டல அண்ணி.

– கேக்கல எனக்கு. டிரையர் சத்தம்.

– டிரையர் ஆஃப்ல இருக்கு.

– அப்ப ஆன் பண்ணுங்க!

– அன்னிக்கு டிரைவர் சீட்டுல இருந்தது நான்.

– வேணாம் தம்பி. எனக்குத் தெரிய வேணாம்.

– அடுத்த மாசம் எனக்கு டிரைவர் பரீட்சை. "ஏத்தத்துல ஓட்டிப் பழகுடா, அங்கதான் கேள்வி கேப்பாங்க"ன்னு எழுந்து சீட்டைக் குடுத்தார். என் கையில இருந்த கரி ஷவலை வாங்கிக்கிட்டார். பாவம், சட்டையை மடிச்சு விட்டுட்டு, "உன்னை விட நான் நல்லா கரி போடறேன் பாரு"ன்னு சிரிச்சார். வளைவு வந்துது. அவர் இடது ஜன்னல்ல தலையை நீட்டினார். ஒரே வார்த்தை கத்தினார்.

– …என்ன வார்த்தை?

– "அடி"ன்னார்.

– அவ்வளவுதானா?

– "அடி, அடி!" அவ்வளவுதான். அதுக்கு முன்னால ஏதாவது சொன்னாரான்னு தெரியல, நெருப்புச் சத்தத்துல கேக்கல. எங்களுக்கு விசிலும் அடிக்கறதுதான், பிரேக்கும் அடிக்கறதுதான். அண்ணன் பிரேக் அடின்னுதான் சொல்லியிருப்பார். நான் விசில் சங்கிலியைப் புடிச்சுத் தொங்கிட்டேன். பதினோரு செகண்டு தொங்கினேன் அண்ணி. என் முன்னால கருப்பாக் கொதிகலன்தான் தெரிஞ்சுது. யாருக்கு அடிக்கறோம்னே தெரியாம அடிச்சுட்டிருந்தேன்.

– அவ்வளவு பெரிய விசில், அந்தப் பெரியவர் காதுல விழலையா?

– அவரும் அடிச்சுட்டுத்தானே இருந்தார், சுத்தியலால. மழை வேற. கோட்டுத் தொப்பி காதை மூடியிருக்கு.

– பிரேக் போட்டிருந்தா?

– ஏத்தம். ஆமை மாதிரிப் போயிட்டிருந்தோம். நாலு பெட்டி தூரம் மிச்சம் இருக்கறப்பவே நின்னிருக்கும்.

– ஏத்தத்துல நிறுத்தக் கூடாதுன்னு சொல்வாரே உங்க அண்ணன்.

– ஆமா. ஈரத் தண்டவாளத்துல நின்னுட்டா சக்கரம் வழுக்கும், மறுபடி கிளப்பறது பெரும்பாடு. அதனால தினம் விசில்தான் அடிப்போம், ஆளுங்க ஒதுங்கிடுவாங்க. அந்தப் பழக்கத்துலதான் என் கை சங்கிலிக்குப் போச்சு. ஆனா அண்ணன் ஆளைக் கண்ணால பார்த்தவர். குனிஞ்சு அடிச்சுட்டிருக்கறவரைப் பார்த்தவர் பிரேக்கைத்தானே சொல்லியிருப்பார்?

– அவர் உங்ககிட்ட எதுவும் கேக்கலையா?

– ஒன்பது நாளா என் மூஞ்சியைப் பார்க்கல. நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். முதல் விசாரணையில வாயே தொறக்காம உக்காந்திருந்தார். நானே ஓட்டினேன்னு எழுதிக் குடுத்துட்டார். தம்பியைக் காப்பாத்தறாராம்! எனக்குச் சோறு இறங்கல அண்ணி. விசில் சத்தம் எங்க கேட்டாலும் காதைப் பொத்திக்கறேன். நேத்து குக்கர் விசிலுக்குக் குழந்தையைக் கீழ போட்டிருப்பேன்.

– உக்காருங்க. தண்ணி குடிங்க. பொம்மையை நானே மாத்தி ஒட்டறேன். யாரும் கேக்கப் போறதில்ல.

– எடுக்காதீங்க! அதைத் தொடாதீங்க அண்ணி!

– கையை விடுங்க, பெயிண்ட் எல்லாம் இழுபடுது!

– இழுபடட்டும். இந்த இன்ஜின் வேணாம். நானே போறேன். வண்டியை ஓட்டினது நான், வார்த்தையைத் தப்பா கேட்டது நான்னு சொல்லிடறேன்.

– உங்க வீட்ல மூணு மாசக் குழந்தை இருக்கு.

– இருக்கட்டும்.

– என்ன இருக்கட்டும்? உங்க வீட்டுக்காரி கேட்டா நான் என்ன சொல்வேன்?

– நான் நிம்மதியாத் தூங்கறேன்னு சொல்லுங்க. சீட்டைக் குடுத்ததுக்கு அண்ணன் வேலைக்குக் கண்டிப்பா கேடுதான். ஆனா சாவு என் கணக்குல போயிடும். அவர் சரியாத்தானே சொன்னார்? அவரை உள்ள வைக்க முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார்.

– சாயங்காலமே வந்துடுவாரா?

– வந்துடுவார்.

– நிச்சயமா?

– நிச்சயமா அண்ணி. அவர் மேல ஒரு சொல் தப்பில்ல. எல்லாம் என் காதுல. குடை எங்க? சரி விடுங்க, நனைஞ்சே போறேன். கதவுகிட்ட ஏன் நிக்கறீங்க? நகருங்க.

– கொஞ்சம் இருங்க.

– மணி ஒன்பதாகப் போகுது. அவங்க பேனாவை எடுக்கறதுக்குள்ள நான் போய்ச் சேரணும்.

– கொஞ்சம் இருங்கன்னு சொல்றேன்ல!

– அழாதீங்க அண்ணி. உங்களுக்கு நல்லதுதானே நடக்கப் போகுது? வழி விடுங்க.

– உங்க காதுல தப்பில்ல தம்பி. அவர் அடிக்கச் சொன்னது விசிலைத்தான். அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டார்.