இரண்டு மன்னர் முகம் கொண்ட வெள்ளி நாணயம்

என் பெயர் ஏஸ்கில் வின்தர். தகப்பனார் பெயர் லவுரிட்ஸ். வயது முப்பத்து நான்கு. கிரோஹோல்ம் தீவின் வடகரையில் குடியிருக்கிறேன். தொழில் கப்பல் தச்சு. 1864 ஜனவரியில் தீவின் அதிகாரி டிட்லெவ் முங்க் கேட்க, நான் சொல்ல, அவரே எழுதிக்கொண்டது.

கோடை முடிந்ததிலிருந்து நான் கோபன்ஹேகனில் வேலை பார்த்தேன். நவம்பரில் நம் மன்னர் ஏழாம் ஃபிரெடெரிக் காலமானார். ஏழைக்கும் ஓட்டு வந்தது அவர் காலத்தில்தான் என்பதால் பட்டறையில் எல்லோரும் அழுதோம். அதன் பிறகு ஒன்பதாம் கிறிஸ்தியான் பட்டத்துக்கு வந்தார். அதன் பிறகு எனக்குக் கொடுத்த கூலியில் ஒரு பெரிய வெள்ளி நாணயம் இருந்தது. ஒரு பக்கம் போன மன்னர், மறுபக்கம் வந்த மன்னர். போன தடவை ஆட்சி மாறியபோதும் இப்படி அடித்தார்களாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அதை மட்டும் செலவழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

மனைவி அபெலோனேக்கு இது பேறுமாதம் என்பதால் ஊருக்குப் புறப்பட்டேன். தீவைச் சுற்றிக் கடல் உறைந்து கிடந்தது. மீன்படகுக்காரர்கள் என்னைப் பனிக்கட்டியின் விளிம்பில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அங்கிருந்து நடந்து கரை சேர்ந்தேன். புயலாலும் பனியாலும் அக்டோபருக்குப் பிறகு தீவுக்குத் தபாலே வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. அன்று ஞாயிறு, எல்லோரும் கோயிலில் இருப்பார்கள் என்று நேரே அங்கே போனேன்.

பாதிரியார் வழக்கம்போல மன்னர் ஃபிரெடெரிக்கின் பெயரைச் சொல்லி, அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டினார். நான் எழுந்து, "சாமி, அவரு செத்துப்போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். "நாக்கு அழுகிப்போவும்டா பாவி!" என்று பின்வரிசையில் ஒரு கிழவி கத்தினாள். சாட்சி கேட்டார்கள். நாணயத்தை எடுத்துக் காட்டினேன்.

அதிகாரி அதைக் கடித்துப் பார்த்தார். "வெள்ளி நல்ல வெள்ளிதான். ஆனா ரெண்டு பக்கமும் தலைன்னா பூ எங்கடா?" என்றார். சனம் சிரித்தது. புது மன்னரின் பெயரைப் படியுங்கள் என்றேன். "ஃபிரெடெரிக்குக்கு அப்புறம் கிறிஸ்தியான், கிறிஸ்தியானுக்கு அப்புறம் ஃபிரெடெரிக். நம்ம நாட்டுல முந்நூறு வருசமா அதானே நடக்குது? எந்தக் களவாணியும் இதை முன்கூட்டியே அடிச்சு வைக்கலாம்டா!" என்றார். அதன் பிறகு, மன்னர் உயிரோடிருக்க வாயாலேயே சாகடித்ததாகவும் கள்ள நாணயம் வைத்திருந்ததாகவும் சொல்லி என்னை உப்புக் கிடங்கில் அடைத்தார்கள்.

அதன் பிறகு பாதிரியார் வந்து, அபெலோனேக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்றும், ராஜாவுக்குச் சாவு சொன்னவன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள் என்றும் தெரிவித்தார். கதவை உதைத்தேன். அது கப்பல் பலகை, நானே அடித்துப் பொருத்திய கதவு. அசையவில்லை.

அதன் பிறகு அதிகாரி காகிதத்தோடு வந்தார். "ராஜா நல்லா இருக்காரு, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. கோபன்ஹேகன்லேருந்து காகிதம் வராம ராஜா சாகமாட்டாருடா" என்றார். அப்படிக் கொடுத்தால் அது கள்ள நாணயம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், அதற்குச் சிறை. கொடுக்காவிட்டால் என் மனைவி தனியாகக் கிடந்து கத்துவாள். நடந்ததையே எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

முடிவில் எந்த மன்னர் பெயரால் சத்தியம் செய்வது என்று கேட்டேன். அதிகாரி பேனாவை மையில் தோய்த்தார். மறுபடியும் தோய்த்தார். கடைசியில் தாளின் அடியில், மன்னர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, சத்திய வாசகத்தை எழுதினார்.

"அப்ப நான் பொய் சொல்லலேன்னு உங்களுக்கே தெரியுதில்ல?" என்றேன்.

மை காய ஊதினார். மருத்துவச்சியையாவது அனுப்புங்கள் என்று கேட்டதையும் இதில் எழுதச் சொன்னேன்.

டென்மார்க் மன்னர் ............ பெயரால், மேலே கண்டவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(ஒப்பம்) ஏஸ்கில் வின்தர்