டைலர் வழியை நிறுத்தாதீர்கள்

டைலரே! எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரி மேடை ஏறிவிட்டாள், பாருங்கள்!

தலைமை தாங்கும் டீச்சர் அம்மா அவர்களே, வெயிலை வெயிலென்று பாராமல் வண்ணத்துப்பூச்சி எண்ணும் அண்ணன்மார்களே, அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் எழுதத் தெரிந்த ஆள் இல்லாததால், டைலர் நடந்து பூச்சி எண்ணிய வழியில் கணக்கெடுப்பை நிறுத்திவிடலாம் என்கிறீர்கள். அதற்குத்தான் எழுந்தேன்.

சிரிக்காதீர்கள். புருஷனைப் பெயர் சொல்லக் கூச்சம், என்றும் ‘டைலரே’தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கொண்டுபோகும் வரை அவரும், “என்ன மேடம், சட்டைக்குக் காஜா எடுத்தாச்சா?” என்று குரல் கொடுத்தவர்தான்.

பூச்சியை அவர் துணியாகவே பார்த்தார். மஞ்சளுக்குக் கறுப்பு பார்டர், வெள்ளைக்கு ஆரஞ்சு முனை! “இறக்கையோட அடிப்பக்கமும் பாக்கணும் அண்ணே” என்றார் டீச்சர் அம்மா. “லைனிங் பாக்காம துணி எடுப்பேனா டீச்சர்?” என்றாரே மனுஷர்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அவருக்குக் கைதட்டல் பிடிக்கும்.

கடை வாசலில் தொடங்கி, லாரி ஷெட் தாண்டி, வாய்க்கால் பாலம் வரை வாரம் ஒரு நடை. அவர் போனபின் நான் நடந்தேன். மெஷின் சத்தமில்லாத வீட்டில் எப்படி இருப்பேன்? புதர்களில் பூச்சி சொற்பம். திரும்பினேன், முதுகுக்குப் பின்னால் இன்னும் சில. அவற்றையும் கோடு போட்டு அள்ளி அள்ளிச் சேர்த்தேன். அவர் வழி வறண்டது என்று என் வாயால் சொல்வேனா?

கணக்கைப் பார்த்ததும் டீச்சர் அம்மா பிடித்துக்கொண்டார். “அக்கா, பின்னாடி பறக்கறது சேராது. எண்ணின பூச்சியே சுத்திச் சுத்தி வரும்.”

“பின்னாடி வந்தா அது பூச்சி இல்லையா டீச்சர்? கழுதையா?”

“குறைஞ்சா குறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். கூட்டிக் காட்டினா, ‘அதான் நிறைய இருக்கே’ன்னு ஷெட்காரங்க மிச்சப் புதரையும் வெட்டிடுவாங்க.”

அப்போதுதான் உறைத்தது. ஆசைக்கு அளவெடுத்தால் சட்டை உடம்புக்குச் சேருமா? அடித்து நீக்கினேன் அந்தக் கோடுகளை, மறுபடி நடந்தேன்.

ஆள் இல்லையாமே! இங்கே நிற்பது யார்? எனக்குப் பெயர் எழுத வராது, கோடு போட வரும். பார்டர் தெரியும், லைனிங் தெரியும், தெரியாததைப் போனில் படம் பிடித்துக் கேட்கவும் தெரியும். நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். ஒரு வருடக் கணக்கு அறுந்தால் எதை வைத்து முடிச்சுப் போடுவது? வெட்ட வருகிறவனிடம் எதைக் காட்டித் தடுப்பது? அவர் பெயரில் பலகை வேண்டாம், படத்துக்கு மாலை வேண்டாம். வழியைக் கொடுங்கள்! அவர் வழியை என்னிடம் கொடுங்கள்!

என்ன டீச்சர் அம்மா, தலையாட்டினால் போதுமா? வாய் திறந்து சொல்லுங்கள், சபை கேட்கட்டும்.

“நடங்க அக்கா, நடங்க!”

கேட்டீர்களா எல்லோரும்? பேசத் தெரியாதவளைப் பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி. நீங்கள் நடக்கும் வழியெல்லாம் இறக்கை நிறையட்டும். வணக்கம்.

டைலரே, காலையில் நடை. மேகம் மூடினால் பூச்சி எழும்பாது. வாசலில் நின்று வானம் பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. சொல்லுங்கள், நாளைக்கு வெயில் வருமா?