கர்வாலோ வீட்டு மீன் சட்டி

பசி நேரம்தான், தெரியுது... இருந்தாலும் ஒரு சின்னக் கதை சொல்லிட்டுப் பிரசங்கத்தை முடிச்சிடுறேன். கேளுங்க.

தூத்துக்குடியில இஞ்ஞாசி கர்வாலோன்னு ஒருத்தர். தோணி ஏஜென்சி வச்சிருந்தார். கர்வாலோ... பேருக்குள்ளயே கர்வம் இருக்கு, பாத்தீங்களா? இந்தப் பேர்க்காரங்க கோவிச்சுக்காதீங்க, அவரை மட்டும்தான் சொல்றேன். "எங்க உடம்புல ஓடுறது போர்ச்சுகீஸ் ரத்தம்!" பத்துப் பேர் நின்னாலும் சொல்லுவார், ஒருத்தன் நின்னாலும் சொல்லுவார்.

அவரு தம்பி அடைக்கலம், வேற சாதிப் பொண்ணைக் கட்டிக்கிட்டார். பேரு செல்வராணி. கோயில்ல, பூசை வச்சு நடந்த கல்யாணம்தான். ஆனா அன்னையில இருந்து அண்ணன் அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கல. "ரத்தம் கெட்டுப்போச்சு"ன்னுட்டார்.

ஒரு வருஷம் பங்குக் கோயில்ல இருந்து, போர்ச்சுகல்ல இருக்குற பாத்திமா மாதாவுக்குத் திருயாத்திரை. இவரும் பேர் கொடுத்தார். விமான நிலையத்துல பார்த்தா... தம்பியும் செல்வராணியும்! மாதாகிட்டப் போறப்போ சண்டை போட முடியுமா? அங்க போய் பஸ்ல இவர் முதல் சீட்டு, அவங்க கடைசி சீட்டு. முன்னால இருந்து "அருள் நிறைந்த மரியே", பின்னால இருந்து "புனித மரியே". ஒரே செபமாலை... ரெண்டு பந்தி!

பாத்திமாவுக்குப் பக்கத்துல நசரேன்னு ஒரு கடற்கரை ஊர். மணல்ல கருவாடு காயுது, நம்ம ஊரேதான். அங்க மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பழைய ஹோட்டல். மூணு தலைமுறையா ஒரே குடும்பம். புருஷன் பரிமாறுவார், பெண்டாட்டி சமைப்பா, கூட மாட மகள். வெளியாளே கிடையாது. வாசல் பலகையைப் பார்த்தார் நம்மாளு... "கர்வாலோ"!

விடுவாரா? கூட வந்த கோவாக்கார வழிகாட்டி அம்மாகிட்ட, "சொல்லுங்கம்மா, நானும் கர்வாலோன்னு சொல்லுங்க! நாங்க ஒரே குடும்பம்!"

அந்தம்மா சொன்னதும் முதலாளி ஜொவாக்கிம் ஓடி வந்தார், கட்டிப் பிடிச்சார், முதுகுல ஓங்கித் தட்டினார். "குடும்பமா! நல்ல நேரத்துல வந்தே. மகளுக்குக் காய்ச்சல், இன்னைக்கு ஆள் குறைச்சல்"னு... இவர் கழுத்துல ஒரு ஏப்ரனை மாட்டிட்டார்!

"ஐயோ, நான் விருந்தாளியில்லையா?"

"விருந்தாளி உக்காருவான். குடும்பம் பரிமாறும். எங்க வீட்டு வழக்கம் அது. நீ யாரு, சொல்லு?"

என்ன சொல்லுவார்? மொத்தப் பங்குச் சனமும் பார்த்துக்கிட்டிருக்கு. வாய்க்குள்ளயே சொன்னார்... "குடும்பம்."

தட்டைத் தூக்கினார். ஒவ்வொரு மேசையாப் பரிமாறினார். கடைசி மேசை... தம்பி, செல்வராணி. தட்டோட சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். அந்த வழிகாட்டி அம்மா சும்மா இருக்கக் கூடாதா? "இவங்களும் கர்வாலோதான், பாஸ்போர்ட்ல பார்த்தேனே!" ஜொவாக்கிம் ஒரே சத்தம்: "அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க? எழுந்திரிங்க!" இன்னும் ரெண்டு ஏப்ரன்!

எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் சமையல்கட்டுல குடும்பம் உக்காந்துச்சு. நடுவுல ஒரே சட்டி. நாலு வகை மீன், உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், அடுக்கடுக்கா. கரண்டி போட்டுக் கிளற மாட்டாங்க, சட்டியைக் குலுக்குவாங்க. "கால்டெய்ராடா"ன்னு பேரு. தனித்தட்டு கிடையாது. சோள ரொட்டியைப் பிய்ச்சு எல்லாரும் ஒரே சட்டியில தோய்க்கணும். இஞ்ஞாசி கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். செல்வராணி மெதுவாச் சொன்னா: "தோய்ச்சுச் சாப்பிடுங்க அத்தான்... ஆறிப் போகுது."

பசி! தோய்ச்சார். ருசி! மறுபடியும் தோய்ச்சார். மாதா புதுமை பண்ணிட்டாங்கன்னு நினைக்கிறீங்களா? அவசரப்படாதீங்க!

ஜொவாக்கிம் எல்லாரையும் நிக்க வச்சு, தானும் நின்னு, வழிகாட்டி அம்மாவை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். ஊருக்கு வந்ததும் அதைப் பெருசாக்கி ஹால்ல மாட்டினார் நம்மாளு. "என் போர்ச்சுகல் சொந்தக்காரங்க!" ஸ்டுடியோவுல என்ன சொன்னார் தெரியுமா? "ஓரத்துல நிக்கிற ரெண்டு பேரையும் வெட்டிடுப்பா." வெட்டியாச்சு. ஆனா ஜொவாக்கிம் பெண்டாட்டி தோள்ல கிடந்த செல்வராணி கையை மட்டும்... வெட்ட முடியல.

யாத்திரைக்குப் போகாம வீட்டுல இருந்த அவரு மனைவி பிலோமி பார்த்தாங்க. "ஏங்க, இது யாரு கை?"

"அது... அங்க யாரோ..."

"யாரோவா? இந்த மோதிரம் உங்கம்மாவோடது. சாகுறதுக்கு முன்னாடி சின்ன மருமகளுக்குக் கொடுத்தது!"

சொன்ன கையோட பிலோமி செருப்பை மாட்டிக்கிட்டு நேரா கொழுந்தன் வீட்டுக்குப் போயிட்டாங்க. மத்தியானம் இவர் வந்து பார்க்கிறார்... அடுப்புல பூனை தூங்குது. எவ்வளவு நேரம் ரத்தத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்க முடியும்? போனார். வாசல்ல தலையைக் குனிஞ்சு நின்னார். செல்வராணி இலையைப் போட்டா. உக்காந்து சாப்பிட்டார்.

சிரிக்கிறீங்க... சரி, ஒண்ணு கேக்குறேன். அந்தப் பேரு நம்மாட்களுக்கு எப்படி வந்துச்சு? அந்தக் காலத்துல போர்ச்சுகீஸ் சாமியாருங்க நம்ம முன்னோருக்குக் கொடுத்த ஞானஸ்நானத்துல. அன்னைக்குத் தலையில ஊத்தினது என்ன? தண்ணிங்க... தண்ணி! ரத்தம் இல்ல. அதே தண்ணியைத்தான் செல்வராணி தலையிலயும் ஊத்தினாங்க. அப்புறம் எங்க இருந்து வந்துச்சு மேல, கீழ?

கடல் தாண்டி இருக்குற சொந்தம் நமக்கு ஏன் இனிக்குது தெரியுமா? அவன் நாளைக்கு நம்ம வீட்டுல பொண்ணு கேட்டு வர மாட்டான். அதான்! அடுத்த தெருக்காரன் வந்துடுவான்... அதான் கசக்குது.

இப்ப அசனம், ஊரே கூடி உக்காந்து சாப்பிடுற கோயில் விருந்து. வரும்போதே பார்த்தேன். மேலத்தெருவுக்கு ஒரு பந்தி, கீழத்தெருவுக்கு ஒரு பந்தி விரிச்சிருக்கீங்க. நடுவுல வெறுந்தரை கிடக்கு. நான் அங்கதான் உக்காரப் போறேன்... யாரு யாரு வர்றீங்க?