சோற்றில் கிடந்த கல்

யுத்த காலத்தில், பாதி கல்லாக இருந்த பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்காகக் கொட்டாஞ்சேனைக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். கால் கடுத்தது, யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. எனக்கு முன்னால் புதுக் கண்ணாடி போட்ட ஒருத்தி, பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

“என்ர மனுசன் பொய் சொல்லேல்லை அக்கா. சோத்தில கல் இருந்ததுதான்.”

“இவ்வளவு காலமும் இல்லையெண்டெல்லோ சண்டை பிடிச்சாய்?”

“எனக்குத் தெரியேல்லையே. கிழவியெண்டு சனம் சிரிக்குமெண்டு கண்ணாடியும் போடேல்லை. இப்ப அரிசியில ஒவ்வொரு கல்லும் தெரியுது. மனுசன் சத்தம் போடாமல் சாப்பிடுறார். வீட்டில நல்ல நிம்மதி.”

“பிழை உன்னிலதானெண்டு அவருக்குச் சொல்லிட்டியா?”

“இண்டைக்குச் சொல்லப் போறன். சிரிச்சாரெண்டால், நாளைக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுத்தான் சமைப்பன்.”