காலருக்குள் ஒரு துறைமுகம்

உங்கள் கோட்டில் சலவைக்காரர் பிரித்த காலரைத் திரும்பத் தைத்தது யார் என்று தெரியவில்லை, ஐயா. இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கேள்வி கேட்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது. ஊசி நூல் கொடுத்தால் தைத்துக்கொண்டே சொல்வேன். கை சும்மா இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கொடுக்கமாட்டீர்கள். சரி.

உங்கள் காலருக்குள் வரைபடம் இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. காலர் விறைப்பாக நிற்க உள்ளே கெட்டித்துணி வைக்க வேண்டும். போர் தொடங்கியதும் அது கடைகளில் கிடைக்கவில்லை. துணியில் ஒட்டிய பழைய பள்ளிக்கூட வரைபடங்கள் மட்டும் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தன. அவற்றை வெட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை; தொழில் ரகசியம். தபால்காரர் கழுத்தில் ஒரு மலைத்தொடர், வாத்தியார் கழுத்தில் பாதிப் பாலைவனம். உங்களுக்கு வெறும் கடல் வந்திருக்கிறது.

கடிகாரக்காரருக்கு மட்டும் பார்த்துத்தான் வெட்டினேன். நம் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்கும் முழுசாக வரும்படி.

என் கடைக்கு எதிரே கடிகாரம் பழுதுபார்த்தவர் அவர். அந்நிய நாட்டுக்காரர். அவர் நாட்டோடு நமக்குச் சண்டை மூளும்வரை அது யாருக்கும் உறைக்கவில்லை. மூண்டதும் அவர் கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. நான்தான் போய்ப் பெருக்கிக் கொடுத்தேன். அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டை என் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். நான் வரைபடம் வெட்டுவதைப் பார்த்துச் சிரிப்பார். தெருவே என்னை அக்கா என்பதால் அவரும் அக்கா என்பார். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆசை இருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் அந்நியர்களை அவரவர் நாட்டுக்கு அனுப்பும் கப்பல் வந்தது. துணியும் கையுமாக ஓடி வந்தார்.

"அக்கா, ஊருக்குப் போறேன். எங்கம்மா பாத்து அசந்துபோற மாதிரி ஒரு கோட்டு தைச்சுக் குடுங்க."

முகமெல்லாம் பல். என்னைப் பிரிகிற வருத்தம் பொட்டுகூட இல்லை. "அதுக்கென்ன, ஜோரா தைச்சிடலாம்" என்றேன்.

அதுபோல் ஒரு கோட்டு என் கையில் அதற்கு முன் வந்ததில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் துறைமுகத்துக்குப் புறப்பட்டதும் காவல் நிலையத்துக்குப் போனேன். காலரைப் பிரித்து எதையோ வைத்துத் தைத்தார், பார்த்தேன் என்றேன். நாட்டுக்காகச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. கப்பல் அவரை விட்டுவிட்டுப் போகட்டும், பிறகு உண்மையைச் சொல்லி மீட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

கப்பலில் இயந்திரக் கோளாறு. கிளம்பவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

துறைமுகத்திலேயே அவரைப் பிடித்து, காலரைப் பிரித்துப் பார்த்து, ஒற்றன் என்றார்கள். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "அக்கா, நீங்களே சொல்லுங்க. எல்லாருக்கும் இதைத்தானே வைப்பீங்க?" என்றார். வேறு யார் காலரையாவது பிரித்துப் பாருங்கள் என்று கெஞ்சினார். யாரும் கோட்டைக் கழற்றவில்லை. நீங்களும் இதே கோட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள், ஐயா.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. "நான் துணிதான் வைப்பேன். இது என் தையல் இல்ல" என்றேன்.

தெரு என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தேசபக்தி என்றால் அக்காதான் என்றார்கள். கடையில் கூட்டம் தாங்கவில்லை. அவரைச் சுட்ட அன்று காலையில் நான் தபால்காரரின் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. மட்டமான நூல்.

'போகாதீங்க' என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம், ஐயா. அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்தத் தெருவில் நான் எப்படித் தலைகாட்டுவது?