எக்ஸை அழுத்தினால் போதும்

எங்கள் லாரி ஆபீஸில் முன்பெல்லாம் ஒரு லோடு சீட்டு அடிக்கக்கூட ஆள் நேரில் வந்தாக வேண்டும், சார். தருமபுரி ஆபீஸில் ஒரு சர்வரை வைத்து, யாரும் எந்த ஊரிலிருந்தும் அதற்குள் வந்து வேலை பார்க்கலாம் என்று ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கொடுத்தவன் நான்தான். எல்லோருடைய பாஸ்வேர்டும் என்னிடம் இருக்கும். முதலாளிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

என் மகள் ஸ்டெஃபிக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தேன். கம்பைநல்லூர் வீட்டில் உட்கார்ந்தபடியே சீட்டு அடிப்பாள். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். அவள் அம்மா ராஜமேரி போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். சாயங்காலம் நான் வரும்போது வீட்டில் விளக்கு எரிய வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

வேலை முடிந்தால் சைன் அவுட் கொடுங்கள் என்று மற்றவர்களிடம் படித்துப் படித்துச் சொல்வேன். மூலையில் இருக்கும் எக்ஸை அழுத்தினால் நம் திரையில்தான் மூடும். திறந்து வைத்ததெல்லாம் சர்வரில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அவளிடம் மட்டும், "எக்ஸ அழுத்துனா போதும் கண்ணு" என்றேன். வீட்டு லேப்டாப் பழசு. அதனால் சொந்த மெயிலையும் அவள் சர்வரிலேயே திறந்து வைத்திருப்பாள்.

இரண்டு வருடத்தில் ஐந்து கம்பெனிகள் அவளை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டு மெயில் போட்டன. எனக்கு ஓசூர்கூடத் தூரம்தான். அவள் பார்ப்பதற்குள் அவள் பாஸ்வேர்டில் உள்ளே போய், வர இயலாது என்று அவள் பெயரில் மரியாதையாகப் பதில் அனுப்பிவிட்டு, வந்த மெயில், போன பதில் இரண்டையும் அழித்துவிடுவேன்.

"எங்கிட்ட என்னங்கப்பா கொற? ஒருத்தருகூட கூப்புட மாட்டேங்கறாங்களே" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதாள். "அவங்களுக்குக் குடுத்து வெக்கலம்மா" என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். அன்றைக்கு என் நெஞ்சும் வெடித்துவிடும் போலிருந்தது, சார்.

போன திங்கட்கிழமை ஒரு மருந்துக் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. வேலை புனேவில், இண்டர்வியூ மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சேலத்தில். பதிலைப் பாதி அடித்தபோது முதலாளி கூப்பிட்டார். அவசரத்தில் நானும் எக்ஸைத்தான் அழுத்தினேன். அப்புறம் மறந்துபோனேன்.

காலையில் அவள் உள்ளே வந்ததும் அந்தப் பாதிப் பதில் திரையில் நின்றிருக்கிறது. போன் செய்தாள். சத்தம் போடவில்லை. "ஏங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். "நான் சேலம் போறங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டரில் கிளம்பியிருப்பாள் என்று தெரியும். இண்டர்வியூ இல்லையென்று கம்பெனியே சொல்லிவிட்டால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் எக்ஸை மட்டும் அழுத்திவிட்டுப் போயிருந்தாள்; விட்ட இடத்தில் உள்ளே போய், மீதியையும் அடித்து, அனுப்பினேன்.

பத்து நாற்பதுக்குத் தொப்பூர் இறக்கத்தில் அவள் போனை எடுத்தபோதுதான் வண்டி லாரிப் பக்கம் சாய்ந்தது என்று எஃப்.ஐ.ஆரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அது யார் நம்பர் என்று கேட்டீர்கள். அந்தக் கம்பெனிதான். வரமாட்டேன் என்றது நிஜமா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பார்கள். லாரி ஓட்டிய சின்னராஜை விட்டுவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடக்கம் முடிந்துவிட்டது, சர்வரில் ஸ்டெஃபி பெயர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சைன் அவுட் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. போகாதே என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சார். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.