தறி நின்றால் ஓட வேண்டும்

தறி நிற்கிறது. ஓடு.

முதலில் எதிர்ச் சந்துத் தறி. பிறகு பின்பக்கத்துத் தறி. பிறகு செல்லூர் முழுக்க. காலையிலிருந்து சடக் சடக்கென்று சுவரை ஆட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒரே நொடியில் இல்லை. கரண்ட் போய்விட்டது. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போடுகிறாள்.

"ஏ மலரு! பாப்பாவத் தூக்குடி! ஓடு!"

எனக்கு ஒன்பது வயது. தங்கை யாழினிக்கு இரண்டு. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. சாக்கடையைத் தாண்டுகிறேன். அம்மா பின்னால் வரவில்லை. ஒருநாளும் வந்ததில்லை. வீட்டில் யாராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் என்றால் அப்பா. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓட்டினார். கரண்ட் இருக்கும்வரை தறியோடு இருப்பார். நாங்கள் பிழைத்தோம். கரண்ட் போனால் அன்றைய கூலி போச்சு. நேரே ஒயின்ஷாப். அங்கிருந்து வீடு. அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்த அவகாசம்.

பின் சந்தில் ஒரு நூல் குடோன். மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒண்டலாம். அங்கே இருந்தால் எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் கேட்கும். முதலில் கதவு. தகரக் கதவு, அதனால் இரண்டு முறை அதிரும். பிறகு குடம் உருளும். பிறகு அவர் குரல். கடைசியில் அம்மாவின் குரல். அது நின்றுபோகும்போதுதான் எனக்கு உயிர் போகும்.

யாழினி அழுதால் மாட்டிக்கொள்வோம். வாயைப் பொத்தலாம் என்று குனிவேன். தேவையே இருக்காது. இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை.

இதைப் போர் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. சொந்தக்காரர்கள் இதற்குப் புருஷன் பொண்டாட்டி சண்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பெயர். யாரும் வந்து தடுக்க வேண்டியதில்லை. குண்டு விழவில்லைதான். ஆனால் பதுங்கினோம். பசியோடு கிடந்தோம். காயம் பட்டது. வீட்டை விட்டு ஓடினோம். வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மாவின் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அன்றைக்கு அம்மாவும் ஓடினாள். மூன்று பேரும் வில்லாபுரம் வந்து சேர்ந்தோம். ஒற்றை அறை வீடு. அம்மா ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கப் போனாள். அப்பா வந்து கூப்பிடவில்லை. சண்டை முடிந்தது என்று நினைத்தோம். நன்றாக ஏமாந்தோம்.

வில்லாபுரத்தில் தறி இல்லை. மத்தியானம் தெருவே அடங்கிக் கிடக்கும். நானும் அம்மாவும் தூங்கினோம், தூங்கினோம், அப்படித் தூங்கினோம். யாழினி தூங்கவில்லை. டிவி ஓடினால் கண் மூடுவாள். அணைத்தால் எழுந்து உட்காருவாள். சரியான டிவி பைத்தியம் என்று அம்மா திட்டினாள். மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. வந்தபோது திக்கியது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வாசலில் பிள்ளைகள் கத்தும்போது நன்றாக இருப்பாள். வகுப்பில் டீச்சர் "சைலன்ஸ்!" என்று கத்துவார். எல்லாப் பிள்ளைகளும் அடங்கும். இவள் எழுந்து வெளியே ஓடுவாள். எங்கே ஓடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு. இந்தப் பிள்ளை மண்டையில் எதுவும் ஏறாது. வீட்டில் வாய்ப்பாட்டை ஒப்பிப்பாள். பரீட்சை ஹாலில் ஒன்றும் வராது. பத்தாம் வகுப்பு வந்தது. அரைப்பரீட்சையில் இரண்டு தாளைப் பாதியில் விட்டு ஓடிவிட்டாள். அவளுக்கு நர்ஸ் படிக்க ஆசை. தேறாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. பெரியம்மா ஆள் பேசி வைத்துவிட்டார்.

நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் டாக்டரம்மா. ஓடுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஒண்ணுமே நடக்கல டாக்டர்" என்றாள் அம்மா. "சத்தமே இல்ல. எல்லாரும் அமைதியாத்தான் இருந்தாங்க."

தறி நின்றுபோன செல்லூர் காதுக்குள் கேட்டது. நான்தான் சொன்னேன். தறி, குடோன், தகரக் கதவு, எல்லாவற்றையும். யாழினி யாரோ ஒரு பிள்ளையின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தே பேசினார். "உன் மூளையில ஒண்ணும் கோளாறு இல்லடா. சின்ன வயசுல மூளை தன்னைத்தானே கட்டிக்கிட்டு இருக்கும். அப்ப தினம் ஆபத்துன்னா, ஆபத்தைக் கண்டுபிடிக்கிற இடம்தான் பலமா வளரும். சத்தம் நின்னா ஓடணும்னு அது கத்துக்கிருச்சு. அது ஆபத்து மணி அடிக்கும்போது, படிச்சத எடுத்துக் குடுக்குற இடம் வேலை செய்யாது."

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லையே" என்றாள் யாழினி.

"உனக்கு இல்ல. உன் உடம்புக்கு இருக்கு. இனியும் கத்துக்கும். ஆனா நாளாகும்."

நாள் இல்லை. பொதுத்தேர்வு வந்துவிட்டது. அவள் நம்பர் விழுந்த அறையில் ஒரு பழைய ஃபேன். கடகடவென்று ஆடுமாம். தமிழ் எழுதினாள். இங்கிலீஷ் எழுதினாள். வெளியே வந்து சிரித்தாள். அந்த ஃபேனுக்கு மாலை போட வேண்டும் என்றாள் அம்மா.

கணக்குப் பரீட்சை. வியாழக்கிழமை. நானும் அம்மாவும் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். நல்ல வெயில். எதிரே கரும்புச்சாறு மெஷின் ஓடுகிறது. நிற்கிறது. பக்கத்து மாவு மில் நிற்கிறது. கரண்ட் போய்விட்டது.

அம்மாவுக்குச் சரியாகக் கேட்காது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். உள்ளே ஃபேன் நின்றிருக்கும். பள்ளிக்கூடமே மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருக்கும். உள்ளே போக முடியாது. தரையில் ஒரு செங்கல் கிடக்கிறது. எடுக்கிறேன். இரும்பு கேட்டில் அடிக்கிறேன். சடக். சடக். சடக். தறி ஓடும் கதியில்.

"ஏய்! கிறுக்கச்சி! என்ன பண்ற? பரீட்சை நடக்குது!" வாட்ச்மேன் ஓடி வருகிறார்.

"மத்த பிள்ளைக எழுத வேணாமாம்மா?" ஒரு அப்பா கத்துகிறார். அவர் கேட்டது நியாயம். நான் நிறுத்தவில்லை. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள்.

"அண்ணே, எம்புள்ள உள்ள இருக்கா! கொஞ்ச நேரம்ணே! கரண்ட் வந்துரும்ணே!"

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் என் கையை முறுக்கிச் செங்கலைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. கரண்ட் வரவே இல்லை. மணி அடிக்கும்வரை வரவில்லை.

யாழினி கடைசி ஆளாக வெளியே வந்தாள். சீருடை நனைந்திருந்தது. ஃபேன் நின்றதும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாளாம். கேட்டில் சத்தம் கேட்டதும் மேலே வந்தாளாம். சத்தம் இருந்தவரை எழுதினாள். நின்ற பிறகு கை எழுதவில்லை.

"ஆனா ஓடலக்கா" என்றாள். "பெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன்."

நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

கணக்கில் தேறவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தேறினாள். துணைத்தேர்வுக்குப் படிக்கிறாள். திருப்பூருக்கு அனுப்ப மாட்டேன் என்று பெரியம்மாவிடம் அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

எங்களில் யாரும் சாகவில்லை. அதனால் போனதை யாரும் எண்ணவில்லை. நான் எண்ணுகிறேன்.

அம்மா: இடது காது. இரண்டு பல். முப்பது வயதுக்கு முன்னால் இருந்த தைரியம் முழுவதும்.

நான்: பள்ளிப் படிப்பு பாதி. இன்றுவரை நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன். உட்கார்ந்தால் சோறு இறங்காது.

யாழினி: மத்தியானத் தூக்கம். பேச்சு வர வேண்டிய வயதில் வராத பேச்சு. பத்து வருடப் பள்ளிக்கூடத்தில் மக்கு என்ற பெயர். ஒரு கணக்குப் பரீட்சை.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் யாழினி என்றுதான் பெயர். குடோன் மூட்டைக்குப் பின்னால் ஒளியாத யாழினி. பயந்தால் வாய்விட்டு அழுதிருப்பாள். திக்காமல் பேசியிருப்பாள். அவளை நாங்கள் பார்த்ததே இல்லை. செத்துப்போனவர்கள் கணக்கில் அவளைச் சேர்க்கிறேன். மொத்தம் ஒருவர்.